ஒரு பிடி சவுதி மண்

அத்தியாயம் – 4

சைத்தூன் பீவி தன் கணவனின் கபுரை ஒரு டேங் ஜூஸ் பவுடர் பாட்டிலில் கொண்டுவந்திருந்தாள்.

முழுக் கபுரையும் அல்ல. அந்தச் சமாதியின் மேலிருந்து அள்ளியதாகச் சொல்லப்பட்ட ஒரு பிடி மண்ணை மட்டும். ஆரஞ்சுப் பழப் படம் பாதி கிழிந்திருந்த அந்தக் கண்ணாடி பாட்டிலை மேசைமேல் வைத்தவள், மூடியிலிருந்து கையை எடுக்கவில்லை. முப்பதைத் தாண்டியிருக்க மாட்டாள். பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு அதிராம்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு முதல் பஸ்ஸில் வந்திருந்தாள். வெளுத்துப்போன கறுப்பு புர்காவில் பயணத்தின் புழுதி அப்படியே இருந்தது.

துப்பறியும் நிபுணர் பரிதி முதலில் பார்த்தது பாட்டிலை அல்ல, அந்தக் கையை. விரல் நகங்களின் நுனியில் மட்டும் பிறை மாதிரி ஒரு செம்மை மிச்சமிருந்தது.

"ரம்ஜான் பெருநாளைக்கு வெச்ச மருதாணி," என்றாள் பரிதி.

சைத்தூன் பீவி திடுக்கிட்டாள். "ஆமா. எப்படி..."

"நகம் வளந்து நுனிக்குத் தள்ளியிருக்கு. ரெண்டு மாசம் இருக்கும்."

"ஜாக்கிரதை தங்கச்சி," என்றார் ஜன்னலோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மீரா உசேன். "இன்னும் கொஞ்ச நேரம் இருந்தா, அன்னிக்கு நீங்க ஆக்குன பிரியாணில உப்பு கம்மின்னும் சொல்லிருவாங்க."

அவள் சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

மீரா உசேன் பரிதியின் உதவியாளர். நாற்பத்தைந்து வயது, அபுதாபியிலிருந்து திரும்பி வந்தவர், ஒரு ஆட்டோவுக்கு ஓனர், அதன் டிரைவரும் அவரே. பரிதியோ புவியியல் சொல்லிக்கொடுத்தவள். ஒரு தனியார் கல்லூரியில் மலைகளையும் ஆறுகளையும் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது, துறையையே மூடிவிட்டு அந்த அறையில் கம்ப்யூட்டர்களை இறக்கினார்கள். போகும்போது என்ன வேண்டும் என்று கேட்ட முதல்வரிடம், பழைய மைக்ராஸ்கோப்பையும் மண் மாதிரிகள் இருந்த அலமாரியையும் கேட்டு வாங்கிக்கொண்டாள். இப்போது கீழவாசலில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் அந்த அலமாரி இருக்கிறது. வளைகுடா மாப்பிள்ளைகளுக்கு அங்கே இன்னொரு குடும்பம் இருக்கிறதா என்று பெண் வீட்டார் விசாரிக்க வருவதுதான் பெரும்பாலும் தொழில். அலமாரியைத் திறக்க வேலையே வந்ததில்லை.

"சொல்லுங்கம்மா."

"எங்க மச்சான் பேரு ஃபாஜில். சவுதியில தமாம்ல இருந்தாங்க. கடுதாசி நின்னு ரொம்ப நாளாச்சு. கேட்டவங்க எல்லாம் வரும் வரும்னாங்க. பத்து நாளைக்கு முந்தி அவங்க கூட்டாளி சுஹைபு வீட்டுக்கு வந்தாரு. மச்சான் போன மாசம் மவுத்தாயிட்டாங்க, அங்கனயே அடக்கிட்டோம், இது கபுர் மண்ணுன்னு சொல்லி இதைக் கையில குடுத்தாரு. அந்த வாரமே தமாமுக்கு பிளைட்டுன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு."

மீரா உசேன் ஸ்டூலை முன்னால் இழுத்தார். குரல் தணிந்தது. "அப்ப நீங்க இத்தா இருக்கணும்ல தங்கச்சி? வெளியில வந்திருக்கீங்களே."

கணவனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருந்து துக்கம் காப்பதைத்தான் அவர் கேட்டார் என்று பரிதிக்குத் தெரியும்.

"மாமி வெள்ளைச் சேலை எடுத்து வெச்சுட்டாங்க. நான் கட்டல. தெருவே பேசுது." சைத்தூன் பீவி நிமிர்ந்தாள். "எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும் டீச்சர். நான் இத்தா இருக்கணுமா, வேணாமா?"

இந்த மேசைக்கு எதிரில் உட்கார்ந்து யாரும் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை.

"எதனால சந்தேகம் வந்துச்சு?"

"இது மின்னுது."

பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினாள். மணலுக்குள் அங்கங்கே ஒளி கண் சிமிட்டியது.

"கடைசியா லீவுல வந்தப்ப மச்சான் வாசல்ல நின்னு ஷூவை உதறுனாங்க. நான்தான் பெருக்குனேன். சலிச்ச மாவு மாதிரி இருந்துச்சு. ஒரு மினுக்கம் இல்ல. அது அந்த ஊரு மண்ணுன்னா இது எந்த ஊரு மண்ணு?"

பரிதி எழுந்து அலமாரியைத் திறந்தாள்.

உள்ளே ஹார்லிக்ஸ் பாட்டில்கள் வரிசையாக இருந்தன. வேதாரண்யத்து மணல்மேடு, கொள்ளிடம், அதிராம்பட்டினத்து அலையாத்திக் காட்டுச் சேறு, வல்லத்துச் செம்மண். எல்லாம் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போய் அள்ளியவை. கடைசி பாட்டில் மட்டும் தபாலில் வந்தது. வேலை கிடைத்துத் தமாமுக்குப் போன ஒரு பழைய மாணவன், 'கலெக்‌ஷனுக்கு, டீச்சர்' என்று அனுப்பியிருந்தான்.

இரண்டு கண்ணாடித் தகடுகளில் இரண்டு சிட்டிகை. மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்ததும் பரிதிக்குள் எதுவோ விழித்துக்கொண்டது. எத்தனையோ நாளாக அடுத்தவர் வீட்டுப் படுக்கையறையைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு, இன்று ஒரு கல் கேள்வி கேட்கிறது. அந்தச் சந்தோஷத்தை அவள் முகத்தில் காட்டாமல் இருக்கப் பார்த்தாள்.

"நீங்களே பாருங்க. இது தமாம் மண்ணு."

சைத்தூன் பீவி குனிந்தாள். "உருண்டை உருண்டையா இருக்கு. ஜவ்வரிசி மாதிரி."

"இப்ப உங்க பாட்டில் மண்ணு."

"இது..." அவள் மூச்சை உள்ளே இழுத்தாள். "உடைச்ச கல்கண்டு மாதிரில்ல இருக்கு!"

"அங்க மண்ணைக் காத்து உருட்டிக்கிட்டே இருக்கும். ஆயிரக்கணக்கான வருஷம். மூலையெல்லாம் தேஞ்சு உருண்டையாயிரும். மினுக்கறது காக்காப்பொன்னு, காகிதம் மாதிரி மெலிசு, அந்த உருட்டல்ல தூளாகிப் பறந்துரும். அதான் பாலைவன மண்ணு மின்னாது. ஆறு அப்படி இல்ல. தண்ணிக்குள்ள வெச்சு இழுத்துட்டு வரும். மூலையும் தேயாது, மினுக்கமும் போகாது. இது ஆத்து மண்ணு. அதுவும் காவேரி மண்ணு."

"டீச்சர்," என்றார் மீரா உசேன், "ஊருல எல்லாத் துப்பறியறவங்களும் ரத்தத்தைப் பாத்துக் கண்டுபிடிக்கறாங்க. நீங்கதான் கொத்தனார் மாதிரி மணலைச் சலிச்சுக்கிட்டு இருக்கீங்க. என்னையக் கேட்டிருந்தா நாக்குல வெச்சே சொல்லியிருப்பேன். அபுதாபில சோத்தோட தெனமும் தின்ன மண்ணு அது."

சைத்தூன் பீவி அவர் சொன்னதைக் கேட்கவே இல்லை. "அப்ப மச்சான்?"

"இது சவுதி மண்ணு இல்ல. இப்ப அவ்வளவுதான் சொல்ல முடியும்."

சொற்களை அளந்துதான் சொன்னாள். ஆனால் குரல் அளவு மீறியிருந்ததை எதிரில் இருந்த முகம் காட்டிக்கொடுத்தது. ஒரு வீட்டில் பூட்டிக் கிடந்த ஜன்னலை யாரோ திறந்தது போல அந்த முகம் மாறியது. பரிதி மறுபடி குனிந்துகொண்டாள்.

"இங்க வாங்க பாய். இது என்ன?"

"செகப்பா, மிளகு மாதிரி உருண்டை. இது உருண்டையா இருக்கே, அப்ப சவுதியா?"

"இது தேஞ்சு வந்த உருண்டை இல்ல, மண்ணுக்குள்ளயே விளைஞ்சது. செம்புறாங்கல் சரளை. வல்லம் மேட்டுல இருக்கறது. இதுலதான் விஷயம். காவேரி மண்ணும் வல்லத்துச் சரளையும் ஒரே பிடியில எப்படி வரும்? வல்லம் மேடு. காவேரி அதைத் தொடாம வடக்கால சுத்திக்கிட்டுப் போகுது."

"ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்ல."

"இல்ல. ஆனா ஒரே ஒரு இடத்துல கல்யாணம் பண்ணி வெச்சாங்க."

மீரா உசேன் தொடையில் தட்டினார். "புதாறு!"

கல்லணையிலிருந்து மேட்டு ஓரமாக வெட்டிக்கொண்டுபோன கால்வாய் அது. காவிரி தானாக ஒருநாளும் ஏறியிருக்காத செம்மண் தரையில் அதன் மணலைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது புதாறு ஒன்றுதான்.

"அது பட்டுக்கோட்டை தாண்டி ஓடுதே டீச்சர். கரையோரம் ஒவ்வொரு வீடாத் தட்டி, 'ஃபாஜில் இருக்காரா'ன்னு கேக்கவா?"

"வேணாம். இன்னும் ரெண்டு சாட்சி இருக்கு." ஊசி முனையால் ஒரு துணுக்கைத் தள்ளினாள். "இது மரத்தூள். ரம்பத்துல அறுத்தது, இன்னும் மக்கல. வல்லம் மேட்டை ஒட்டி, புதாத்துக் கரையில மரம் அறுக்கற மில்லு எத்தனை?"

"ரெண்டு இருந்துச்சு. ஒண்ணு போன வருஷம் கல்யாண மண்டபமாயிருச்சு."

"அப்ப ஒண்ணு."

"இன்னொரு சாட்சி?"

காய்ந்து நொறுங்கிய இலைத்துணுக்குகள். பரிதி அவற்றைப் பொறுக்கி, ஒரு சொட்டுத் தண்ணீரில் குழைத்து, மீரா உசேனின் இடது கட்டைவிரல் நகத்தில் அப்பினாள். "காயற வரைக்கும் துடைக்காதீங்க."

"நிக்காஹ்வுக்கு அப்புறம் இப்பத்தான் எனக்கு ஒருத்தர் விரல்ல வெச்சு விடறாங்க. வீட்ல சண்டை வந்தா நீங்கதான் வந்து சொல்லணும், சொல்லிட்டேன்."

ஆட்டோவின் முதுகில் 'அபுதாபி எக்ஸ்பிரஸ்' என்று எழுதியிருந்தது. பஸ் ஸ்டாண்டில் விட்டுவிடுகிறோம் என்று பரிதி சொன்னதற்கு, சைத்தூன் பீவி "நானும் மில்லுக்கு வர்றேன்" என்று ஏறிப் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். பாட்டில் மடியில் இருந்தது.

பங்குனி வெயில். மேட்டூரை மூடி மாதங்களாகிவிட்டன. தண்ணீர் இல்லாத புதாறு ஒரு அகலமான வெள்ளைத் தெருவாக ஊருக்குத் தெற்கே வளைந்து கிடந்தது. பையன்கள் அதன் நடுவில் ஸ்டம்பு ஊன்றிக் கிரிக்கெட் ஆடினார்கள்.

ஆறு களைத்துப்போகும் இடம்தான் டெல்டா என்று பரிதி வகுப்பில் சொல்வாள். மலையிலிருந்து தூக்கிக்கொண்டு வந்ததை, இனி முடியாது என்று அது கீழே வைக்கும் இடம். வைத்ததில் நெல் விளையும். பிள்ளைகள் குறிப்பெடுத்துக்கொள்வார்கள். அந்தப் பிள்ளைகளில் பாதிப் பேர் இப்போது மண் விளையாத ஊர்களில் சிமெண்ட் கலக்குகிறார்கள்.

சிக்னலில் ஆட்டோ நின்றபோது மீரா உசேன் கட்டைவிரலைத் தேய்த்துவிட்டுத் தூக்கிக் காட்டினார். நகம் ஆரஞ்சு நிறத்தில் பிடித்திருந்தது.

"மருதாணி," என்றாள் பரிதி. "நெனச்சேன். மில்லுக்குப் பக்கத்துல மருதாணி வேலி வெச்ச வீடு ஒண்ணு இருக்கணும்."

சொன்ன பிறகுதான் அது என்ன மாதிரியான வீடாக இருக்கும் என்பது காதில் விழுந்தது. பெண்கள் இருக்கிற வீடு. பக்கத்தில் திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது.

"சொல்லுங்க டீச்சர், பரவால்ல," என்றாள் சைத்தூன் பீவி. "நானும் அதைத்தான் நெனச்சேன். வேற ஒருத்தி இருப்பா."

"அப்படின்னு இல்லம்மா..."

"இருக்கட்டும். அவ வீட்லயே இருக்கட்டும். ரெண்டு புள்ளைகூட இருக்கட்டும்." அவள் தெருவைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "வாசல்ல நின்னு ஒரு தடவை பாத்துட்டு வந்துருவேன். சண்டை போட மாட்டேன். மூச்சு விட்டுக்கிட்டு இருந்தாப் போதும் எனக்கு."

தன் கணவன் இன்னொருத்தியோடு இருக்கவேண்டும் என்று துஆ கேட்கும் ஒரு பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம் என்று பரிதி நினைத்தாள். அந்த நம்பிக்கையை ஒரு சிட்டிகை மணலிலிருந்து எடுத்துக் கொடுத்தது தான்தான் என்றும் நினைத்தாள். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"டீச்சர்," என்றார் மீரா உசேன் முன்னாலிருந்து. "அந்த இலை மண்ணுக்கு மேலாப்புல கெடந்துச்சா, உள்ள கலந்து கெடந்துச்சா?"

"நல்லாக் கலந்திருந்துச்சு. ஏன்?"

"சும்மா கேட்டேன்."

அதற்குப் பிறகு அவர் முன்னால் போன லாரியின் பின்பக்கத்து வாசகத்தைப் படித்துக் கேலி செய்யவில்லை. குறுக்கே வந்த ஸ்கூட்டர்காரனைத் திட்டவில்லை. ஆட்டோ மெல்ல மெல்ல வேகம் குறைந்தது.

"டீச்சர், இன்னொரு நாள் வருவோமா? பெட்ரோல் இல்ல."

"காலையிலதானே போட்டீங்க?"

கண்ணாடியில் அவர் கண்கள் ஒரு கணம் சைத்தூன் பீவியைப் பார்த்துவிட்டு நகர்ந்தன. ஆட்டோ போய்க்கொண்டிருந்தது.

மில் தகரக் கொட்டகை. வாசலில் மரங்கள் அடுக்கியிருந்தன. உள்ளே ரம்பம் காதைக் கிழித்தது. பலகையைத் தள்ளிக்கொண்டிருந்த ஒல்லியான ஆள் தலைமுதல் கால்வரை மரத்தூளாக இருந்தான்.

"நீங்க இங்கயே இருங்க," என்று பரிதி இறங்குவதற்குள் சைத்தூன் பீவி அவள் தோளைப் பிடித்தாள்.

"டீச்சர். அதான் சுஹைபு."

தமாமுக்குப் பறந்தவன் தஞ்சாவூரில் மரம் அறுத்துக்கொண்டிருந்தான்.

தூளும் மணலும் சேர்ந்து போட்ட கணக்கு சரியாக விழுந்துவிட்டது. பரிதி கொட்டகைக்குள் நேராகப் போனாள். அவளையும், அவளுக்குப் பின்னால் வாசலில் நின்ற ஆட்டோவையும், அதிலிருந்த புர்காவையும் சுஹைப் பார்த்தான். பலகை கையிலிருந்து நழுவியது. யாரோ மோட்டாரை நிறுத்தினார்கள்.

"பிளைட் லேட்டா?" என்றாள் பரிதி.

அவன் உதட்டை நனைத்துக்கொண்டான். "நீங்க யாருங்க?"

"ஃபாஜில் எங்க?"

"மவுத்தாயிட்டாருங்க. வீட்ல சொல்லிட்டேனே."

"சவுதியிலன்னு சொன்னீங்க. நீங்க குடுத்தது புதாத்து மண்ணு. உங்க கையில ஒட்டியிருக்கற இந்த மரத்தூளுகூட அதுல இருக்கு. எந்த வீட்ல இருக்காரு? மருதாணி வேலி போட்ட வீடு எது?"

சுஹைப் விழித்தான். "வீடா?"

"டீச்சர்." மீரா உசேன் அவள் பின்னால் வந்து நின்றிருந்தார். "போதும் டீச்சர்."

"என்ன போதும்?"

"அது வேலி இல்ல." அவர் தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எங்க ஆளுங்க கபுர் மேல பச்சைக் கொப்பு ஊனுவாங்க. அது பச்சையா இருக்கற வரைக்கும் உள்ள இருக்கறவங்களுக்கு நல்லதுன்னு. சில ஊருல மருதாணி ஊனுவாங்க. சீக்கிரம் வேர் பிடிக்கும்."

பரிதி அவர் பார்த்த பக்கம் பார்த்தாள். கொட்டகையின் பின்புறம், புதாற்றின் கரையை ஒட்டி, சுண்ணாம்பு அடித்த ஒரு கட்டைச் சுவர். அதற்கு மேலே சின்னச் சின்னப் பச்சைத் தலைகள் தெரிந்தன. அது ஒரு பள்ளிவாசலின் மையவாடி. இந்தப் பக்கத்து ஜனங்களை அடக்கும் இடம்.

மணல் அவளிடம் ஒரு பொய்யும் சொல்லவில்லை. எங்கிருந்து வந்தாய் என்று கேட்டாள், சொன்னது. எதற்காக உன்னை அள்ளினார்கள் என்று அவள் கேட்கவேயில்லை.

"கபுர் மண்ணுன்னுதான் சொன்னேன்," என்றான் சுஹைப். "அது கபுர் மண்ணுதான்."

"மெதுவாப் பேசுங்க," என்றாள் பரிதி.

"வேணாம். சத்தமாவே பேசட்டும்." சைத்தூன் பீவி கொட்டகை வாசலில் நின்றிருந்தாள். பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். "எல்லாத்தையும் சொல்லுங்க சுஹைபு."

அவன் ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்தான். அவளைப் பார்க்காமல், தன் கைகளைப் பார்த்துச் சொன்னான்.

"சவுதியில பேப்பர் இல்லாதவங்களை எல்லாம் ஏத்தி அனுப்புனாங்கல்ல. அதுல ரெண்டு பேரும் வந்து எறங்குனோம். போன ஆடியில. அவருக்கு நெஞ்சு கெட்டுப் போயிருந்துச்சு. சிமெண்ட் தூசு. எலும்பும் தோலுமா இருந்தாரு. பெரியாஸ்பத்திரில காட்டிக்கிட்டு, எங்கூட இந்தக் கொட்டகையிலதான் தங்குனாரு. வீட்டுக்குப் போங்க மச்சான்னு தெனமும் சொல்வேன். 'உடம்பு தேறட்டும்டா. ஒரு பெட்டியாவது கட்டிக்கிட்டு, பிளைட்டுல இருந்து எறங்குன மாதிரி போறேன். இப்படிப் போனா சைத்தூன் பயந்துருவா'ன்னுவாரு. கடுதாசி எழுதி, தமாமுக்குப் போறவங்க யாராவது இருந்தா அவங்க கையில குடுத்து, அங்க போயி போடச் சொல்வாரு."

"இங்கயா?" என்றாள் அவள். கொட்டகையைச் சுற்றிப் பார்த்தாள். மூலையில் ஒரு கயிற்றுக் கட்டில் கிடந்தது. "இங்கயா இருந்தாங்க?"

"ஆமா."

"நாலு எட்டுல பஸ்ஸு."

"அதான் தங்கச்சி. அதான் சொல்ல முடியல. அங்க செத்தாருன்னா அல்லாஹ் நாடுனதுன்னு இருந்துருவீங்க. பஸ் ஏறுனா வந்துடற தூரத்துல கெடந்தாருன்னு தெரிஞ்சா, ஒரு வாய்த் தண்ணி குடுக்க விடலியேன்னு..."

பரிதி கேட்டாள். துப்பறிகிறவளாக அல்ல, தெரியாமல் கேட்டாள். "அவ்வளவு பொய் சொன்னவரு மண்ணை மட்டும் ஏன் நெசமாக் கொடுத்தீங்க? அவங்க ஊர்க் கடற்கரையிலேயே ஒரு பிடி அள்ளியிருக்கலாமே."

"அள்ளினேங்க." அவன் முதல் தடவையாக நிமிர்ந்தான். "பஸ்ஸு விட்டு எறங்கி, கடக்கரைக்குப் போயி, பாட்டில் நெறைய அள்ளினேன். வீட்டு வாசல் வரைக்கும் போனேன். உள்ள இவங்க புள்ளையோட பேசுறது கேட்டுச்சு. கொட்டிட்டுத் திரும்பி இங்க வந்து, அவரு மேல இருந்து அள்ளிக்கிட்டு மறுநாள் போனேன். எல்லாம் பொய்யின்னா அவங்க கையில எதைத்தான் வெக்கிறது?"

கொட்டகைத் தகரம் வெயிலில் மெல்ல விரிந்து ஓசை எழுப்பியது. வாய்க்கால் மணலில் பையன்கள் யாரோ அவுட் என்று கத்தினார்கள்.

"மவுத்தானது எந்தப் பிறை?" என்றாள் சைத்தூன் பீவி.

"ரஜப். பிறந்து ரெண்டாம் வெள்ளி."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். ரஜப், ஷஃபான், ரமலான் என்று உதடுகள் அசைந்தன. இப்போது நடக்கும் ஹஜ்ஜுப் பெருநாள் மாதத்துக்கு வந்து நின்றன. கணக்கு அவளுக்குத் தெரிந்திருந்தது. மீரா உசேனுக்கும் தெரிந்திருந்தது. அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நான் கேட்டதுக்குப் பதில் கெடைச்சிருச்சு டீச்சர்," என்றாள். "வேணாம்."

"என்னம்மா?"

"இத்தா இருக்க வேணாம். மவுத்தான நாள்லருந்து அந்த நாலு மாசமும் பத்து நாளும் ஓடிக்கிட்டே இருந்திருக்கு. எனக்குத் தெரியாமலேயே முடிஞ்சு போச்சு." குரல் அப்படியே இருந்தது. விரல்கள் மட்டும் பாட்டிலைச் சுற்றி இறுகின. "அதுக்கு நடுவுலதான் பெருநாள் வந்துச்சு. பச்சைச் சேலை கட்டினேன். பூ வெச்சேன். மச்சான் அடுத்த பெருநாளைக்கு வந்துருவாங்கன்னு ரெண்டு கையிலயும் மருதாணி போட்டேன்."

பரிதியால் அவள் நகங்களைப் பார்க்க முடியவில்லை. காலையில் அந்தப் பிறைச் செம்மையைப் படித்துக் காட்டி வியக்க வைத்தது தன் குரல்தான் என்பது நினைவுக்கு வந்தது. எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தது அப்போது.

மையவாடிக்குள் பெண்கள் போவதில்லை. சுவருக்கு வெளியே, வாய்க்கால் கரையில் நின்றார்கள். உள்ளே வரிசையாகச் சின்ன மேடுகள். சுஹைப் ஒரு மேட்டைக் காட்டினான். தலைமாட்டில் கல் இல்லை, ஒரு மரத்துண்டு நட்டிருந்தது. அதை மில்லில் அறுத்திருப்பான். பக்கத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு மருதாணிச் செடி. தினமும் தண்ணீர் ஊற்றியதில் தரை கொஞ்சம் ஈரமாக இருந்தது.

சைத்தூன் பீவி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அழுவாள் என்று பரிதி காத்திருந்தாள். பிறகு காத்திருப்பதற்காகவும் வெட்கப்பட்டாள்.

கடைசியில் அவள் பாட்டிலை மீரா உசேனிடம் நீட்டினாள்.

"இதைப் போட்டுட்டு வந்துருங்க பாய். அவங்களுக்கு ஒரு பிடி கொறையுது."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். சலாம் சொல்வது கேட்டது. எப்போதும் இல்லாத மெல்லிய குரல். பாட்டிலைக் கவிழ்த்தபோது மணல் வெயிலில் ஒரு முறை மின்னிவிட்டு மற்ற மண்ணோடு சேர்ந்தது. அவர் பாட்டிலின் அடியைத் தட்டித் தட்டிக் கொட்டினார். ஒரு மணியும் தங்கிவிடக்கூடாது என்பதுபோல.

திரும்பி வந்தவர் காலி பாட்டிலை வலது கையால் நீட்டினார். இடது கையை மூடி, முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தார்.

"மறைக்காதீங்க பாய்," என்றாள் சைத்தூன் பீவி.

அவர் தலை குனிந்தார். "தெரியாமப் பண்ணிட்டோம் தங்கச்சி. வீட்டுக்குப் போயி சோப்புப் போட்டுத் தேச்சுடறேன்."

"தேச்சாப் போகாது." அவள் புர்காவின் கையை இழுத்துத் தன் விரல்களை நுனிவரை மூடிக்கொண்டாள். "நகம் வளந்துதான் போகணும்."